மிஞ்சின பேர் ஒண்ணுதான்

"அந்த வண்டியில ஏறுறதும் ஒண்ணு, கரண்டு கம்பியைக் கட்டிப் பிடிக்கிறதும் ஒண்ணு!"

மெக்கானிக் சொல்லிவிட்டு டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஷெட்டில் நின்றிருந்த டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் கம்பெனிக்கு எலக்ட்ரிக் லாரி வருகிறது. முப்பது டன் ட்ரெய்லரை இழுக்கும் பெரிய லாரி. இப்போதைக்கு ஒன்றே ஒன்று. ஓட்ட விருப்பம் உள்ளவர்கள் பெயர் எழுதலாம், சீனியருக்கே முதல் உரிமை என்று மேனேஜர் போர்டில் ஒட்டியிருந்தார். முதல் நாளே பதினோரு பெயர்கள்.

அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"சத்தமே வராதாம்ணே. பின்னாடி வந்து நின்னாக்கூடத் தெரியாதாம்."

"எங்க மாமியார் மாதிரின்னு சொல்லு."

"சீட்டு நட்டநடுவுல இருக்குமாம்ப்பா, ராஜா மாதிரி உக்காரலாமாம்."

"கியரே கிடையாதாமே! அப்ப இந்தக் கை என்ன பண்ணும்?"

"தாளம் போடட்டும்!"

இந்தச் சந்தோஷத்தில்தான் மெக்கானிக் மண்ணை அள்ளிப் போட்டார். அதுவும் ஆளுக்கொரு பயமாகப் பார்த்து அளந்து கொடுத்தார்.

"மழையில ஷாக் அடிக்கும்" என்றார் ஒரு பயந்தாங்கொள்ளியிடம்.

"மேட்டுல பாதி வழியில பேட்டரி படுத்துட்டா, தள்ளுறதுக்கு உன் மாமனாரா வருவாரு?" என்றார் ஓர் அவசரக்காரரிடம்.

எல்லோருக்கும் சீனியரான பெரியவரிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "சத்தமே இல்லாத வண்டிண்ணே. தாலாட்டு மாதிரி இருக்கும். உங்களுக்கோ சாப்பிட்டவுடனே கண்ணு சொக்கும். யோசிச்சுக்குங்க."

போர்டில் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன.

"எஞ்சின் இல்லை, ஆயில் இல்லை. வேலை போயிடுமேன்னு இவருக்கு வயித்தெரிச்சல்" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே பெயரையும் அடித்தார்கள்.

கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. நெட்டை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம். இருக்கிறவர்களிலேயே ஜூனியர்.

அவனுக்கே ஆச்சரியம். நேராக மெக்கானிக்கிடம் போனான்.

"என்னண்ணே, எல்லாரையும் மிரட்டினீங்க. என்னை மட்டும் விட்டுட்டீங்களே?"

"உனக்குச் சொன்னா மட்டும் மண்டையில ஏறப்போகுதா? போடா, போய் வேலையைப் பாரு."

வீட்டில் மனைவியும் பிடித்துக்கொண்டாள். "ஷாக் அடிக்குமாமே? பேசாம பேரை அடிச்சிட்டு வாங்க."

"டாக்டர் சொன்னது மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. அவள் முகம் வாடியது. அவனுடைய இடது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது, கிளட்ச் இல்லாத வண்டியென்றால் தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

"ஆபீஸ்ல சொன்னா வாட்ச்மேன் மாதிரி கேட்டுல ஒரு நாற்காலியைப் போட்டு உக்கார வச்சிருவாங்க. எனக்கு லாரி ஓட்டணும்டி. அதை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவள் உள்ளே போய் முழங்காலுக்குத் தைலத்தை எடுத்து வந்தாள்.

லாரி வந்தது.

வெள்ளை வெளேரென்று, மீன் மூஞ்சி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. நெட்டை ஏறி உட்கார்ந்தான். கீழே பார்த்தான். ஆக்ஸிலரேட்டர், பிரேக். அவ்வளவுதான். இரண்டுமே வலது காலுக்கு. இடது காலை ஹாயாக நீட்டிக்கொண்டான்.

வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. லோடு ஏற்றிய ட்ரெய்லரோடு மேட்டுச் சரிவில் வழுக்கிக்கொண்டு ஏறியது. யார்டு முழுக்கக் கேட்டது ஒரே சத்தம்தான். ஜன்னல் வழியாக வந்த நெட்டையின் சிரிப்பு. டிரைவர்கள் விசிலடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். பெரியவர்கூட ஓடினார்.

போதாக்குறைக்குத் தூறலும் போட்டது. யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை.

எல்லோரும் மெக்கானிக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னய்யா, இப்படிக் கவுத்துட்டீரே!"

"எஞ்சினே இல்லாத வண்டி வந்தா என் பொழைப்பு என்ன ஆகும்? அந்தப் பயத்துல உளறிட்டேன்பா" என்று தலையைச் சொறிந்தார் அவர். வாங்கிய திட்டையெல்லாம் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் இன்னும் பத்து லாரி வருகிறது என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் மெக்கானிக் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, லாரியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். கைக்குழந்தையைத் தொடுகிற மாதிரி தொட்டார். நெட்டை வாயைப் பிளந்தான்.

"அண்ணே, இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"ஆறு மாசம் முன்னாடியே. லீவு போட்டுட்டுப் போய்ப் படிச்சேன். வண்டி தங்கம்டா."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு புளுகு?"

மெக்கானிக் சுற்றும்முற்றும் பார்த்தார். "உனக்கு முன்னாடி பத்து சீனியர் இருந்தாங்க. அவங்க அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கலாம். உன்னால முடியுமா?"

நெட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்... என் விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?"

"உன் பழைய லாரியில மூணு மாசத்துல மூணு கிளட்ச் பிளேட், சரியா மிதிக்காமக் கருகிப் போச்சு. மூணையும் மாத்தினவனுக்கு, உனக்கு எந்தக் கால் வலிக்குதுன்னு தெரியாதாடா?"