டச்சு நாற்காலி

அநியாயம் நடந்தது நாகமணிக்கு. நாற்காலியில் உட்காரப் போன மனிதரைப் பத்துப் பேர் பார்க்கத் தடுத்து நிறுத்தி, "அண்ணா, அதுல வேண்டாம். அது விலை ஜாஸ்தி!" என்றார் சேனாபதி.

பாதி குனிந்திருந்த நாகமணி அப்படியே நிமிர்ந்தார். "ஓ... சரிங்க தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் சேனாபதியின் மகள் வான்மதியால் பார்க்க முடியவில்லை.

அமெரிக்காவில், எடிசன் நகரத்தில் இருந்த சேனாபதியின் வீடு வீடில்லை, மியூசியம். ஹாலந்தில் அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்த நாற்காலி, சோபாவாகத் தேடித் தேடி வாங்கிப் போடுகிறவர். மெல்லிய இரும்புக் கால், தேக்குக் கைப்பிடி. புதிதாக ஒன்று வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டியாக வேண்டும். போண்டா, காபி எல்லாம் அதற்குத் துணை.

இதே நாற்காலியில் கொஞ்ச நேரம் முன்னால்தான் அனந்தராமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு போண்டா சாப்பிட்டார். அனந்தராமன் ஒரு கம்பெனியில் டைரக்டர்.

நாகமணி ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் பில் போடுகிறவர். வாசற்படி ஏறி வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிடைத்த இடம், டைனிங் டேபிள் ஓரத்து மர பெஞ்ச்.

வான்மதி யூனிவர்சிட்டியில் படிப்பது சோஷியாலஜி. கேட்க வேண்டுமா? கிச்சனில் அப்பாவை மடக்கினாள்.

"அனந்தராமன் அங்கிள் உக்காந்தப்ப அது விலை ஜாஸ்தியா இல்லையாப்பா?"

"மெதுவா பேசு, மதி."

"ஏன், வெளியில கேக்குமா? கேக்கட்டுமே! டைரக்டர்னா சேர், கடையில வேலை பார்த்தா பெஞ்ச். இதுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியாது? பிளேன் ஏறி வரும்போது இதையும் லக்கேஜ்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டீங்க!"

"அப்புறம் சொல்றேன். எல்லாரும் போகட்டும்."

"பதில் இருந்தா இப்பவே சொல்லுங்க."

கதவில்லாத கிச்சன். சேனாபதி ஹால் பக்கம் ஒரு தடவை பார்த்தார். காபியை ஆற்ற ஆரம்பித்தார்.

அப்படியானால் ஜெயித்தாயிற்று. வான்மதி விடுவிடுவென்று ஹாலுக்கு வந்தாள்.

"அங்கிள், எழுந்திருங்க. இங்க வந்து உக்காருங்க."

"வேண்டாம் கண்ணு, எனக்கு இதுவே வசதி."

"இதுவே வசதின்னு உங்க வாயாலயே சொல்ற அளவுக்குப் பழக்கி வெச்சிருக்காங்க பாருங்க, அதான் பிரச்சினையே!"

யாரோ கை தட்டினார்கள். வான்மதி பிடித்த கையை நாகமணி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வான்மதி விடவில்லை. கூட்டி வந்து, தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"மதி! வேண்டாம்!" காபித் தட்டோடு ஓடி வந்தார் சேனாபதி.

படார் படாரென்று சத்தம். மெத்தை உள்ளே போயிற்று. மெத்தையோடு நாகமணியும் போனார். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்துவிட, சட்டத்துக்குள் சிக்கிக்கொண்டு கிடந்தார். இரண்டு பேர் கைகொடுத்தும் முடியவில்லை. அனந்தராமனும் வந்து சேர்ந்து அந்தக் கனத்த உடம்பைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா அவசரமாக அதன் வாயைப் பொத்தினாள்.

குழந்தை சிரித்ததைவிட அம்மா வாயைப் பொத்தியதுதான் நாகமணியின் முகத்தைக் கறுக்க வைத்தது.

"மன்னிச்சிருங்க தம்பி... அப்பவே நான்... என் உடம்புக்கு..."

சேனாபதி அவரை முடிக்க விடவில்லை. நாற்காலிக்கு ஓங்கி ஓர் உதை விட்டார்.

"உங்க உடம்புக்கு என்னங்கண்ணா? எல்லாம் இந்தச் சனியன் பண்ற வேலை. டூப்ளிகேட்! ஹாலந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா என் தலையில கட்டிட்டானுங்க. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் விலை ஜாஸ்தின்னு சும்மா பீத்திக்கிட்டேன்!"

ஹாலே சிரித்தது.

"அப்போ அந்த சோபா? அதுவும் லோக்கல்தானா சேனா?" என்று அனந்தராமன் ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் சேனாபதியை ஓட்டினார்கள். கடைசியில் நாகமணியும் சேர்ந்துகொண்டார்.

"அடுத்த தடவை எங்க கடைக்கு வாங்க தம்பி. பிளாஸ்டிக் சேர், ஃபர்ஸ்ட் குவாலிட்டி. நானே பில் போட்டுத் தர்றேன்!"

எல்லோரும் போன பிறகு வான்மதி நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள். தேக்குச் சட்டத்தில் ஹாலந்துப் பட்டறையின் முத்திரை, சுட்டு வைத்தது போல ஆழமாக இருந்தது. அசல். அதற்குப் பக்கத்தில், மெத்தையைத் தாங்கும் ரப்பர் பட்டைகள். காய்ந்து வெடித்து, விரல் பட்டாலே உதிர்ந்தன. மாற்றுவதற்கு வாங்கிய புதுப் பட்டை, பிரிக்காத பொட்டலமாக ஷெல்ஃபில் இருந்தது.

அப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவளால்.

"பட்டை செத்துப் போச்சு, தாங்காதுன்னு அப்பவே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா?"

சேனாபதி, தான் உதைத்த இடத்தில் விழுந்திருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அனந்தராமன் சம்மணம் போட்டு உக்காந்து போண்டா தின்ன சேரும்மா அது. அதே சேரைக் காட்டி நாகமணி அண்ணாகிட்ட மட்டும், 'உங்களைத் தாங்காது'ன்னு எப்படிச் சொல்றது?"