மேற்குக் கடவு

மைக்கைப் பிடித்ததும் எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ராஜிக்கு மூன்று நாளாகவே பயம்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கேஸை அடைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள். அவளைப் போய்த் தெருப் பெண்கள் பேசச் சொல்லியிருந்தார்கள்.

“எதையும் நாலு தடவ யோசிக்கவ நீதான். நீயே பேசு மக்கா” என்று பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் முடித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஊர்க் குளத்தை அழகுபடுத்தப் போகிறார்கள். நடைபாதை, விளக்கு, படகு சவாரி. படகுத்துறைக்குக் குறித்திருந்த இடம் மேற்குக் கடவு. நாற்பது வீட்டுப் பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் இறங்குகிற படித்துறை. அங்கே டிக்கெட் கவுண்டர் வந்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

மக்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம் என்று சொல்லிக் கூட்டம் போட்டிருந்தார்கள். திட்டம் போடும் கம்பெனியிலிருந்து ஸ்ரீஜித் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஊர்க் காண்டிராக்டர் சுயம்புராஜ். படகுக் குத்தகை அவருக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

திரையில் குளத்தின் படம் வந்தது. கரையெல்லாம் தொப்பி போட்ட பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றார்கள்.

“இது நம்ம குளமாட்டி? ஒரு தொவைக்க கல்லக்கூட காணல்லியே!” என்றாள் பார்வதியம்மாள்.

ராஜியின் முறை வந்தது. எழுந்தாள்.

“சார்... மேற்குக் கடவு... நாங்க குளிக்கப்பட்ட எடம் சார்.”

ஆண்கள் பக்கம் சிரிப்பு. இரண்டு பேர் செல்போனைத் தூக்கினார்கள்.

“இப்பம் வீட்டுக்கு வீடு பாத்ரூம் இருக்கு. இனியும் குளத்துல என்ன குளியலு?” என்றார் சுயம்புராஜ்.

“பாத்ரூம் இருக்கு அண்ணாச்சி. தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கத்தானே வருது?”

இந்த முறை பெண்கள் பக்கம் சிரிப்பு.

“நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்” என்றார் ஸ்ரீஜித். அவர் கையிலிருந்த பேனாவின் மூடி கழற்றப்படவே இல்லை.

ராஜி அதைப் பார்த்துவிட்டாள்.

கூட்டம் முடிந்தது. “வந்ததுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு, டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார் ஸ்ரீஜித். மேசைமேல் நாலு வெள்ளைத்தாள். அந்தப் பக்கம் சூடாகப் பழபஜ்ஜி.

ஆண்களையெல்லாம் இடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள் ராஜி. பேனாவை வாங்கினாள். எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள்.

பின்னால் வரிசை நெளிந்தது.

“ஏட்டி, பேரு எழுதுகியா, பத்திரம் எழுதுகியா?”

“முதல் பஜ்ஜி இவளுக்குத்தான் வேணும்போல!”

அவள் நிமிரவில்லை. முதல் தாளை முடித்து, இரண்டாவதை இழுத்தாள்.

“அதுலயுமா? ஒரு ஆளுக்கு எத்தன ஒப்பு?”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பார்வதியம்மாளுக்கே மானம் போயிற்று. “எல்லாம் ஆறிப் போவுது மக்கா, எந்திச்சு வா” என்று கிசுகிசுத்தாள்.

நாலாவது தாளும் முடிந்த பிறகுதான் ராஜி எழுந்தாள். காது வரை சிவந்திருந்தது.

“ரெண்டு எழுத்துப் பேரு. அதுக்கு இந்தப் பாடு!” என்று சுயம்புராஜ் பேனாவைப் பிடுங்கினார். “ஒப்புன்னா எப்பிடிப் போடணும், பாரு.” தாளைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே இழுப்பு. எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்புறம் வரிசை வேகமாக நகர்ந்தது. கை தாளிலும் கண் பஜ்ஜியிலுமாக நூற்றுக்கு மேல் கையெழுத்து விழுந்தது. ராஜி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த ஸ்ரீஜித் தாள்களை அள்ளினார். “மேல தீர்மானத்த டைப் பண்ணிச் சேர்த்துட்டா முடிஞ்சுது” என்று சுயம்புராஜிடம் மெதுவாகச் சொல்லியபடியே குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

மேலே இடமே இல்லை. நாலு தாளிலும், தலைப்பில், கோணல்மாணலான உருண்டை எழுத்தில் இருந்தது:

‘கூட்டத்துக்கு வந்தோம். மேற்குக் கடவை விட்டுக்கொடுக்கச் சம்மதம் இல்லை. சம்மதம் இல்லாதவர்கள் கையெழுத்து கீழே.’

“என்னட்டி இது?” சுயம்புராஜ் கத்தினார்.

“போன தடவ ரோட்டுக்குன்னு வெறும் தாளுல ஒப்பு வாங்கினீங்க அண்ணாச்சி. மேல என்ன எழுதினீங்கன்னு, எங்க வீட்டுக்க முன்பக்கத்த இடிக்க வந்தப்பதான் தெரிஞ்சு. இந்தத் தடவ அந்த எடத்த நானே எழுதி நெறைச்சிட்டேன்.”

“ஆரும் வாசிச்சுப் பாக்காம இட்ட ஒப்பு இது. செல்லாது!”

“வாசிக்காம இட்டா செல்லாதா? அப்பம் ரோட்டுக்கு இட்டதும் செல்லாதே?”

டீ குடித்தவர்கள் ஒவ்வொருவராக மேசையைச் சுற்றிக் கூடினார்கள். ஆண்கள் பக்கம் யாருக்கும் இப்போது சிரிப்பு வரவில்லை. ரோட்டுக்கு இடம் போனவர்கள் அவர்களிலும் இருந்தார்கள்.

சுயம்புராஜ் தாள்களைப் பறித்துக் கிழிக்கப் போனார்.

“கிழியுங்க அண்ணாச்சி” என்றாள் ராஜி. தன் செல்போனைத் தூக்கிக் காட்டினாள். “நீங்க எல்லாரும் டீ குடிச்சப்பமே நாலு தாளையும் போட்டோ எடுத்து, தெருவுல எல்லாருக்கும் அனுப்பியாச்சு. எனக்குக் கீழ மொதல்ல கெடக்கது ஒங்களுக்க ஒப்புதான்.”