பூட்டிய கிளவுட்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர முப்பத்தாறு மணி நேரம் இருந்தபோது, நறுமுகை தன் கோப்புகள் அனைத்தையும் இலவசக் கிளவுடிலிருந்து எடுத்து, எதையும் வாசிக்காத கட்டணக் கிளவுடுக்கு மாற்றினாள். சம்பந்தம் பேசுகிறவர்கள் கேட்டால் இலவசக் கிளவுட் கோப்புகளை வாசித்துப் பெண்ணைப் பற்றிச் சுருக்கம் எழுதிக் கொடுத்துவிடும். அவளுடைய மருத்துவமனைக் கோப்பும் அதில் வந்துவிடும்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பூட்டி வெச்சா சந்தேகப்படுவாங்கடி. அந்த ஒரு ஃபைலை மட்டும் அழிச்சிட்டு, மத்ததப் பழையபடி விடேன்."

"அழிச்சதையும் சேர்த்துத்தாம்மா அது சொல்லும். அதனாலதான் அந்தக் கணக்கையே மூடிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, பஜ்ஜி ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை கைப்பேசியைப் பார்த்து முகம் சுளித்தாள். "பொண்ணோட சுருக்கம் வரலையே? எங்க பையனோடது நாலு பக்கம் வந்துச்சு. நல்ல குடும்பத்துல யாரு இதைப் போய்ப் பூட்டி வெப்பாங்க?"

"அது ஒண்ணுமில்லைங்க... விளம்பரத் தொல்லைன்னு..." என்று அப்பா இழுத்தார்.

நறுமுகை காபித் தட்டைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"உங்ககிட்ட நானே சொல்லணும்னுதான் பூட்டினேன். எனக்கு வலிப்பு நோய் இருக்கு."