அரங்கம் நிறைந்த நன்றி

"'நடக்காத விழாவுக்கு நன்றி சொன்ன ஒரே எழுத்தாளர் உலகத்திலேயே நீங்கதான் மேடம்!' இதையே எத்தனை தடவை சார் சொல்லுவீங்க? காபி ஆறிப்போகுது."

பாகீரதி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பழனிச்சாமி அதைத் தொடக்கூட இல்லை. பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன இலக்கிய மன்றத்துக்குச் செயலாளர். பாகீரதியின் சிறுகதைப் புத்தகத்தை நேற்று சாயங்காலம் வெளியிட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

"நேத்து மத்தியானமே ஹாலுக்குள்ள முழங்கால் அளவு மழைத் தண்ணி. விழா அடுத்த ஞாயிறுன்னு குரூப்ல எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டு, என் கையாலதான் கதவைப் பூட்டினேன். காலையில உங்க ஃபேஸ்புக்கைத் திறந்தா…"

செல்போனை எட்டப் பிடித்துக்கொண்டு வாசித்தார். "'அரங்கம் நிறைந்த கூட்டம்! இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்ட அன்பு உள்ளங்களுக்குக் கண்ணீர் கலந்த நன்றி.' யார் மேடம் நின்னது? தண்ணிதான் நின்னுச்சு!"

"ஷெட்யூல் பண்ணி வச்சிருந்தேன் சார். கேன்சல் பண்ண மறந்துட்டேன்."

"நன்றியைக்கூடவா முன்னாடியே எழுதி வைப்பாங்க?"

"என் பொண்ணு கிருத்திகா ஒரு ஆப் போட்டுக் கொடுத்தா. ஒரே மூச்சுல உட்கார்ந்து மாசத்துக்கான போஸ்டை எல்லாம் எழுதி, நாளும் நேரமும் குறிச்சுட்டா, அதுவே போட்டுக்கும். வாரத்துக்கு மாவு அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறோமே, அந்த மாதிரி. நன்றியை அன்னைக்கே சொல்லிடணும்னு கான்வென்ட்ல சிஸ்டர் எங்களுக்குத் தலையில குட்டிச் சொல்லிக் கொடுத்தது. விழா முடிஞ்சு வந்து நான் தோசை ஊத்தறதா, டைப் அடிக்கறதா?"

"இதெல்லாம் சாக்கு. எழுத்துன்னா நேர்மை வேணும் மேடம். அதை உடனே எடுங்க. எடுத்துட்டு, 'பொய் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்'னு ஒரு போஸ்ட் போடுங்க. இல்லேன்னா அடுத்த ஞாயிறு எங்க மேடையில உங்க புத்தகம் வராது."

அதுவரை எகிறிக்கொண்டிருந்த பாகீரதி அடங்கிவிட்டாள். ஐம்பது தாண்டி வரும் முதல் புத்தகம். குக்கர் விசிலுக்கு நடுவே, கேஸ் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி எழுதிய கதைகள். மேடையே இல்லை என்றால்?

"சரி சார். எடுத்துடறேன்."

போனைத் திறந்தாள். காலையிலிருந்து டிபன் வேலையில் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. எடுக்கப் போன விரல் அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம் சார். கீழே கமெண்ட் வந்திருக்கு. 'அருமையான விழா. கடைசி வரிசையில் இருந்தேன். கூட்டத்தில் உன் பக்கத்திலேயே வர முடியவில்லை.' இது மௌரீன். என்கூடப் படிச்சவ."

"என்னது?"

"'உங்கள் பேச்சைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டேன் சிஸ்டர்.' இது பிரகாஷ். எதிர் ஃப்ளாட்தான். நேத்து சாயங்காலம் முழுக்க பால்கனியில நின்னு மழையை வீடியோ எடுத்துட்டிருந்தார்."

"குரூப் மெசேஜைக்கூட யாரும் படிக்கலையா?" பழனிச்சாமி பல்லைக் கடித்தார். "என்ன ஜனங்க மேடம்! வாய் கூசாம இப்படிக்கூடவா புளுகுவாங்க?"

"இருங்க, இன்னொண்ணு. 'எங்க வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார். நாற்காலி பத்தாமல், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாங்கி வந்து இவரே ஓடி ஓடிப் போட்டாராம். வாழ்த்துகள் அக்கா!' ஷோபா பழனிச்சாமி."

பழனிச்சாமி டம்ளரை எடுத்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"எந்த நாற்காலி சார்?"

"அது… ஹாலைப் பூட்டினப்புறம்… சிவாஜிநகர்ல பழைய ஃப்ரெண்டு ஒருத்தன் கூப்பிட்டான்…"

"கபாபா? சிவாஜிநகர்ல வேற எதுக்குக் கூப்பிடுவாங்க?"

டம்ளரின் அடியில் அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"புரட்டாசி மாசம்! ஷோபா முட்டையைக்கூட வாசப்படி தாண்ட விடமாட்டாளே!"

"மேடம்…" குரல் பாதாளத்துக்குப் போயிருந்தது. "அந்த போஸ்ட் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. 'கண்ணீர் கலந்த நன்றி'. படிக்கவே எவ்வளவு உருக்கமா இருக்கு!"

"நேர்மைன்னீங்க?"

"எழுத்துன்னா கொஞ்சம் கற்பனையும் வேணும் மேடம்."

"நல்லா இருக்கே! எல்லாரும்தான் நேத்தே வந்து, கேட்டு, அழுதுட்டும் போயாச்சு. அப்ப அடுத்த ஞாயிறு யார் வருவா? நீங்க ஓடி ஓடிப் போட்ட நாற்காலியா?"

பாகீரதி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று எதையோ டைப் அடித்தாள்.

"உங்க வீடு ஜீவனஹள்ளிதானே? இந்தச் சேத்துல, டிராஃபிக்ல போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் ஆகலாம். ஏன் மேடம்?"

"விழா நடக்கலைன்னு எழுதிட்டேன். ஆனா மத்தியானம் பன்னெண்டுக்குத்தான் வெளியில வரும். அதுக்குள்ள போய், ஷோபாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஃபேஸ்புக்கைப் பார்த்து அவளுக்குத் தெரியக் கூடாது, பாவம்."

பழனிச்சாமி ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக லிஃப்டுக்கு ஓடினார்.

பன்னிரண்டுக்கு அந்தப் போஸ்ட் வந்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு லைக் இல்லை, ஒரு பதில் இல்லை. இன்னமும் அப்படியேதான் கிடக்கிறது:

"நேற்று விழாவுக்கு வந்து சிறப்பித்த அன்பு உள்ளங்களே! யாரிடமாவது ஒரே ஒரு போட்டோ இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். மழையால் விழா அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போய்விட்டதால், நானே வரவில்லை."