கரண்ட் பட்டை

"நேயர்களே, நான் இப்ப நிக்கிற இடம் ஒரு சித்திரவதைக் கூடம்."

தகரக் கொட்டகைக்குள்ள கால் வைக்கும்போதே லைவ் மேடம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நாயோ பூனையோ புறாவோ, எதுக்கு வலிச்சாலும் முதல்ல அழறது அவங்கதான். அழறதுக்கு முன்னாடி போன் ஆன்ல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குவாங்க, அவ்வளவுதான்.

நாய்களுக்குப் பயிற்சி குடுக்கிற மாஸ்டர், கையில பிஸ்கட் டப்பாவோட நின்னுக்கிட்டிருந்தாரு.

"நாய் கழுத்துல கரண்ட் பட்டை கட்டுறது நீங்கதானே?"

"ஆமா மேடம். உட்காருங்க."

"உட்காரவா வந்தேன்? உங்க கடையை மூட வந்திருக்கேன். உங்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் வருதா?"

"வருது மேடம். காலையில சீக்கிரம் எழுந்திருக்கணுமே."

மேடம் போனை ஸ்டாண்டுல மாட்டி, வெளிச்சம் தன் முகத்துல விழற மாதிரி திருப்பி வச்சாங்க. பெஞ்சுக்கிட்ட படுத்திருந்த நாய் இருட்டுல மறைஞ்சு போச்சு. பரவாயில்ல, நாயை யாரு பார்க்கப் போறாங்க.

அந்த நாய்க்குச் சொந்தக்காரர், ரிட்டயர்டான ஒரு மேனேஜர், பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. அவரோட ஷூ மேல தலையை வச்சு அது அரைத் தூக்கத்துல கிடந்துச்சு. கழுத்துல கறுப்புப் பட்டை.

"ஏம்மா, விவரம் தெரியாமப் பேசாதீங்க," மேனேஜருக்குக் கோபம். "வாசல்ல இலை விழுந்தாக்கூட ஊரைக் கூட்டுற நாய் இது. இப்ப எப்படிக் கம்முனு கிடக்கு பாருங்க. எல்லாம் இந்தப் பட்டையாலதான்."

"வலியில கிடக்கு சார் அது."

"ரிமோட்டுக்குத்தான் கொஞ்சம் கண்டிஷன் ஜாஸ்தி. நாம கத்தினா சிக்னல் போயிடும். 'டேய்'னா எடுக்காது, 'கண்ணு'ன்னு கூப்பிட்டாத்தான் எடுக்கும். கையை ஓங்கினோம்னு வைங்க, லாக் ஆயிடும். பட்டனை அமுக்கினதும் கிட்டப் போய்த் தலையைத் தடவிக் குடுக்கணும், அப்பத்தான் மறுபடி சார்ஜ் ஏறும். என்ன டெக்னாலஜிம்மா."

மாஸ்டர் கூரையைப் பார்த்தாரு.

மேடம் காதுல ஒண்ணும் ஏறல. போன்ல கமெண்ட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. 'கொடூரன்', 'விடாதீங்க மேடம்', 'பட்டையை அவன் கழுத்துல கட்டுங்க'. கடைசியா வந்ததைப் பார்த்ததும் மேடத்துக்குப் பளிச்சுனு ஒரு யோசனை.

"அதை என் கையில கட்டுங்க."

"வேண்டாமே மேடம். நாம தனியாப் பேசுவோம்," மாஸ்டர் குரல் இறங்கிடுச்சு.

"தனியாப் பேச நான் என்ன பொண்ணு பார்க்கவா வந்திருக்கேன்? கட்டுங்க. அந்த வாயில்லா ஜீவன் படுற பாட்டை நானும் படுறேன். உலகம் பார்க்கட்டும்."

மாஸ்டர் நாய் கழுத்திலிருந்து பட்டையைக் கழட்டி மேடம் மணிக்கட்டுல கட்டினாரு. மேனேஜர் ரிமோட்டை எடுத்தாரு. பழக்க தோஷம், "கண்ணு"ன்னு மெதுவாக் கூப்பிட்டுட்டு அமுக்கினாரு.

பட்டையில ஒரு சின்ன லைட்டு மினுக்குனு எரிஞ்சு அணைஞ்சுது.

வேற ஒண்ணுமே இல்ல. மேடம் கையைப் பார்த்தாங்க, பட்டையைப் பார்த்தாங்க, மாஸ்டரைப் பார்த்தாங்க.

"சரியா மாட்டலை போல, ஒரு நிமிஷம் சார்." மாஸ்டர் பட்டையை இறுக்குற மாதிரி குனிஞ்சாரு. குனிஞ்சு, மேனேஜருக்குக் கேக்காத மாதிரி மேடம் காதுல சொன்னாரு:

"இதுல கரண்டே கிடையாது. வெறும் லைட்டு. பயிற்சி நாய்க்கு இல்ல மேடம், அவருக்கு. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அந்த நாய் பொழச்சுப் போகும்."

மேடம் நாயைப் பார்த்தாங்க. அது கொட்டாவி விட்டுச்சு.

போனைப் பார்த்தாங்க. 'என்னாச்சு மேடம்?' 'வலிக்கலையா?' 'போர்.' பார்க்கிறவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டிருந்தாங்க.

எறும்பு கடிச்சதை எவன் பார்ப்பான்?

"இப்ப அமுக்குங்க சார்," மாஸ்டர் நிமிர்ந்தாரு.

மேனேஜர் அமுக்கினாரு.

"ஐயோ அம்மா!"

மேடம் துள்ளி, துடிச்சு, பிளாஸ்டிக் நாற்காலியையும் இழுத்துக்கிட்டு அப்படியே சரிஞ்சாங்க. சரியும்போதும் முகம் மட்டும் போன் பக்கமே இருந்துச்சு. தூங்கிக்கிட்டிருந்த நாய் அலறிக்கிட்டு பெஞ்சுக்கு அடியில ஓடிடுச்சு. போன்ல சிவப்புச் சிவப்பா இதயம் பறந்துச்சு.

மேனேஜர் கையிலிருந்து ரிமோட்டு நழுவிடுச்சு.

"அடப்பாவமே, இவ்வளவு வலிக்குமா? இது தெரியாமலா இத்தனை நாளும் அமுக்கிக்கிட்டிருந்தேன்? வேண்டாம் மாஸ்டர். உங்க பட்டையை நீங்களே வச்சுக்கங்க."

"சார், அவசரப்படாதீங்க. மேடம், நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்." மாஸ்டர் கும்பிடாத குறை.

மேடம் எழுந்து, தூசியைத் தட்டி, கண்ணைத் துடைச்சு, துடைச்ச கண்ணை போன்ல ஒரு தடவை சரிபார்த்துக்கிட்டாங்க.

"இன்னும் என்ன சொல்லணும்? இன்னிக்கு ஒரு ஜீவனுக்கு விடுதலை கிடைச்சிருக்கு நேயர்களே. சார், இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

மேனேஜர் வந்தாரு. கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு.

"இந்தக் கொடுமையை விட்டுட்டீங்க. இனிமே உங்க நாயை எப்படிப் பார்த்துக்கப் போறீங்க? நம்ம நேயர்களுக்குச் சொல்லுங்க சார்."

"பழையபடிதாம்மா," மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு மேனேஜர். "கரண்டெல்லாம் மகா பாவம். கதவுக்குப் பின்னாடி பிரம்பு சும்மாதானே கிடக்கு."