பைக்கின் பின்சீட்டு

தலை நிறைய மல்லிகையோடு நந்தினி போய் விமல்ராஜின் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் கணவன் கலையரசனுக்கு வயிறு எரிந்தது. தொழிலாளர் அலுவலக வராந்தாவில் வேறு நாற்காலியே இல்லையா என்ன?

"பசங்க நல்லா இருக்காங்களா விமல்? சின்னவன் ஸ்கூலுக்குப் போறானா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

விமல்ராஜ் நெளிந்தான். செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றின் மேனேஜர் அவன். இன்றைக்கு அவன் வந்திருப்பதே நந்தினிக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான்.

அந்த விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் நந்தினி. ஈரக் குளியலறையில் ஹீட்டர் சுவிட்சைத் தொட்டபோது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. இழப்பீடு கிடைத்தால்தான் ஆபரேஷன். விடுதி முதலாளி அப்பாதுரையோ, அவள் தன்னிடம் வேலையே செய்யவில்லை என்று ஒரேயடியாகச் சாதித்துவிட்டார்.

கலையரசன் மனைவியைத் தூணோரம் அழைத்தான்.

"அறிவிருக்குதா உனக்கு? நம்ம வயித்துல அடிக்க வந்திருக்கான். அவன்கிட்ட என்னா இளிப்பு?"

"தெரிஞ்ச மனுஷன்கிட்ட பேசக் கூடாதா? எத்தினி நாள் பைக்ல ஏத்திக்கினு போயிருக்காரு! உன் ஆட்டோ மாதிரியா? சும்மா பறக்கும்."

"ஆமாமா. தோள்ல கைய வச்சிக்கினு போனா பறக்கத்தான் செய்யும்."

நந்தினி அவனை நேராகப் பார்த்தாள். "தோள்ல கை வச்சத நீ பாத்தியா?"

கலையரசனின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. உள்ளே செல்போன் இருந்தது. "நான் எதுக்குப் பாக்கப் போறேன்? எனக்கு வேற சவாரி இல்லியா?"

"அப்ப சரி" என்றவள், திரும்பவும் அதே நாற்காலிக்குப் போனாள். இந்தத் தடவை இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பாதுரையைப் பார்த்தார்.

"அன்னிக்குத்தாங்க மேடம் வேலை கேட்டு வந்திச்சு. பேசிக்கிட்டே இருக்கறப்ப பாத்ரூம் பக்கம் போயி எதையோ தொட்டுடுச்சு. பாவமேன்னு நாங்கதான் ஆஸ்பத்திரியில சேத்தோம்" என்றார் அப்பாதுரை.

"மேனேஜர் நீங்கதானே? இவங்களை எத்தனை நாளாத் தெரியும்?"

விமல்ராஜ் முதலாளியை ஒருமுறை பார்த்தான். "தெரியவே தெரியாதுங்க. ஷாக் அடிச்ச அன்னிக்குத்தான் மொதல்ல பாத்தேன்."

தெரியவே தெரியாதா? கலையரசனுக்குக் காது சூடேறியது. ஒன்றும் இல்லையென்றால் இவன் எதற்காக மறைக்கிறான்?

அதிகாரி நந்தினியிடம் திரும்பினார். "சம்பள ரசீது, அடையாள அட்டை ஏதாவது இருக்காம்மா?"

"இல்லீங்க மேடம். கையிலதான் குடுப்பாங்க."

"கூட வேலை செஞ்சவங்க?"

"இங்க வர பயப்படறாங்க மேடம்." சொல்லிவிட்டு நந்தினி விமல்ராஜைப் பார்த்துச் சின்னதாகப் புன்னகைத்தாள். "பரவாயில்ல விமல். உங்க நெலமை எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். கலையரசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தெரியாதாடா உனக்கு? இவளைத் தெரியாது?" செல்போனை மேஜைமேல் வைத்தான். "பாருங்க மேடம்! இது கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு. இது பொங்கலுக்கு முந்தி. இது சிவராத்திரி அன்னிக்கு. தெனம் தெனம் இவன் பைக்லதான் போவா. இவனுக்குத் தெரியாதாம்!"

"நீங்க யாரு?"

"இவ புருஷன் மேடம்! ஆட்டோவுல பின்னாடியே போயி நானே எடுத்தேன்!"

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பலவற்றில் பைக்கின் பின்சீட்டில் நந்தினி. ஒரு படத்தில் விடுதியின் வாசலில், விடுதிப் பெயர் தைத்த நீலக் கோட்டோடு, கையில் வாளியும் துடைப்பமும் வைத்திருந்தாள்.

கலையரசன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. விமல்ராஜின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான்.

"சொல்லுடா! என் பொண்டாட்டிக்கும் உனக்கும் என்னாடா?"

"ஐயோ, அண்ணே! சாமி சத்தியமா ஒண்ணும் கெடையாதுண்ணே!" விமல்ராஜ் அலறினான். "வேலைக்கு வர்றவங்கள காலையில ஏத்திக்கினு வர்றது என் டூட்டிண்ணே! இவங்களை மட்டுமில்ல, எல்லாரையும்தான் ஏத்திக்கினு வருவேன்!"

அப்பாதுரை கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சொன்னதை அப்படியே எழுதிக்கிறேன், மேனேஜர். வேலை செஞ்சாங்களா இல்லையாங்கற பேச்சு இதோட முடிஞ்சுது. இனிமே எவ்வளவு குடுக்கணுங்கறதுதான்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியும் கலையரசன் வண்டியைக் கிளப்பவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"உன்னைச் சந்தேகப்பட்டது தப்புதான் நந்தினி. ஒளிஞ்சு நின்னு போட்டோ எடுத்ததும் தப்பு."

"எனக்கு அப்பவே தெரியும். விடுதி கேட்டுக்கு எதிர்ல ஆட்டோவை நிறுத்திட்டு நீ போனைத் தூக்கறத பாத்துட்டுத்தான் உள்ள போவேன்."

திடுக்கிட்டுத் திரும்பினான். "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த? கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே!"

"அந்தப் போட்டோவ ஆஸ்பத்திரியிலயே கேட்டேன். பின்னாடி வரவே இல்லன்னு தீபம் ஏத்தற மலையப் பாத்து சத்தியம் பண்ணின. இன்னொரு வாட்டி கேட்டிருந்தா எல்லாத்தையும் அழிச்சிட்டிருப்ப."

மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அதான் அவன் பக்கத்துல போயி உக்காந்தேன்."