ஆவி அடங்கும் வரை

கிரீன் டீக்குக் கொதிநீர் ஆகாது என்று சின்ன மருமகள் கெட்டிலை இறக்கி வைத்து, ஆவி அடங்கக் காத்து நிற்கிறாள். நேற்று அவள் போட்டதை மாமனார் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தது மூத்தவளின் நெஞ்சில் இன்னும் முள்ளாய் நிற்கிறது. இத்தனை வருஷமாக இவள் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்ததில் அவர் ஒருநாளும் இன்னொன்று கேட்டதில்லை. “அக்கா, ஃபோன் அடிக்குது, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சின்னவள் உள்ளே ஓடுகிறாள். மூத்தவள் கெட்டிலை மறுபடி அடுப்பில் ஏற்றுகிறாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அதை அப்படியே இலைமேல் ஊற்றியதும் கோப்பை பழுப்பேறுகிறது, மூடி வைக்கிறாள். திரும்பி வந்த சின்னவள் மூடியைத் திறக்காமலே கொண்டுபோய் நீட்டுகிறாள். அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க மூத்தவள் கதவோரம் நிற்கிறாள். அவர் சுளிக்கவில்லை. ஒரு மிடறு விழுங்கிவிட்டு, பேப்பரிலிருந்து நிமிராமலே கேட்கிறார்: “என்னம்மா, இன்னிக்கு பெரியவ போட்டாளா?”